‘இன்ட்ரஸ்ட்’: வட்டியா, ஆர்வமா, பங்கா? காரைக்குடி ஆங்கில வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் ஆங்கில வகுப்பு நடத்தினால் இந்தச் சொல்லைப் பற்றிய கேள்விகள் ஓயாமல் வரும். வங்கித் தேர்வுக்குப் படிக்கிற பையன் அதை வட்டி என்கிறான். கானாடுகாத்தானில் பழைய வீட்டை ஹோட்டலாக்கிய இடத்தில் வேலை பார்க்கிற பெண் ஆர்வம் என்கிறாள். பாகப்பிரிவினைப் பத்திரத்தோடு வருகிற ஆச்சிக்கு இரண்டுமே பொருந்தவில்லை. வகுப்பில் வந்த கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். ஆங்கில வாக்கியங்கள் தமிழ் எழுத்திலேயே இருக்கின்றன. வாய்விட்டுப் படித்தால் பிடிபடும்.

‘இன்ட்ரஸ்ட்’ என்றால் வட்டியா, ஆர்வமா?

இரண்டும்தான். பங்கு, நலன் என்று இன்னும் இரண்டு பொருளும் உண்டு. நான்கையும் தனித்தனியாக உருப்போட வேண்டாம். ‘எனக்கும் இதற்கும் ஒரு ஒட்டு இருக்கிறது, இதில் என்ன நடந்தாலும் அது என்னைத் தொடும்’ என்பதுதான் அடிப்பொருள். மனசு ஒட்டினால் ஆர்வம், கொடுத்த பணம் ஒட்டினால் வட்டி, சொத்து ஒட்டினால் பங்கு, நன்மை தீமை ஒட்டினால் நலன். எது என்பதைப் பக்கத்துச் சொல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் இந்தச் சொல்லைத் தனியாக எழுதி எதிரே பொருள் எழுதுகிற பழக்கத்தை நான் விடச் சொல்கிறேன். எப்போதும் முன்னும் பின்னும் வருகிற சொற்களோடு சேர்த்தே எழுதுங்கள்.

வட்டிக்கும் ஆர்வத்துக்கும் ஒரே சொல் எப்படி வந்தது?

லத்தீனில் ‘இன்டர்’ என்றால் இடையே, ‘எஸ்ஸே’ என்றால் இருத்தல். ‘இன்டரெஸ்ட்’ அந்த மொழியில் ஒரு வினைமுற்று: ‘அது முக்கியம்’, ‘அதனால் வித்தியாசம் உண்டு’ என்று பொருள். ரோமானியச் சட்டத்தில் நட்ட ஈடு கணக்கிடும்போது இந்தச் சொல் புழங்கியது. நடந்திருக்க வேண்டியதற்கும் நடந்துவிட்டதற்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் ஈடு.

இடைக்கால ஐரோப்பாவில் கடனுக்கு வட்டி வாங்குவது பாவம் என்று திருச்சபை தடுத்தது. தடுக்கப்பட்ட அந்த வட்டிக்கு ஆங்கிலத்தில் ‘யூஷரி’ என்று பெயர். ஆனால் கடன் வாங்கியவர் சொன்ன தேதியில் திருப்பித் தராமல், அதனால் கொடுத்தவருக்கு நட்டம் வந்தால், அதற்கு ஈடு கேட்கலாம். அந்த ஈட்டை ‘இன்டரெஸ்ஸே’ என்றார்கள். யூஷரி பாவம், இன்டரெஸ்ஸே நியாயம். அப்புறம் என்ன, வாங்குகிற வட்டியெல்லாம் மெல்ல மெல்ல இந்த நல்ல பெயருக்குக் குடிபெயர்ந்துவிட்டது. இங்கிலாந்தில் 8-ஆம் ஹென்றி காலத்தில், 1545-இல், ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து வரை வாங்கலாம் என்று சட்டமே வந்தது. 1552-இல் அதை ரத்து செய்தார்கள். 1571-இல், முதலாம் எலிசபெத் காலத்தில், மறுபடி கொண்டுவந்தார்கள்.

‘ஆர்வம்’ என்ற பொருள் ஆங்கிலத்தில் அதற்கெல்லாம் பிறகு, 18-ஆம் நூற்றாண்டில்தான் ஊன்றியது. ஆக வட்டிதான் மூத்தது. இதைச் சொன்னால் நம்மூரில் யாரும் ஆச்சரியப்படுவதில்லை.

‘ஐ ஆம் இன்ட்ரஸ்டிங் இன் மியூசிக்’ என்று சொன்னால் ஏன் சிரிக்கிறார்கள்?

‘நான் ரொம்ப சுவாரஸ்யமான ஆள்’ என்று உங்களைப் பற்றி நீங்களே சொல்லிக்கொண்டதாக ஆகிவிடுகிறது. ஆர்வம் யாருக்கோ அவருக்கு ‘இன்ட்ரஸ்டெட்’. ஆர்வத்தைக் கிளப்புகிற பொருளுக்கு ‘இன்ட்ரஸ்டிங்’. ‘ஐ ஆம் இன்ட்ரஸ்டெட் இன் மியூசிக்’, ‘மியூசிக் இஸ் இன்ட்ரஸ்டிங்’. ஆத்தங்குடிப் பட்டறைக்கு வருகிற வெளிநாட்டுக்காரர் ‘இன்ட்ரஸ்டெட்’. கண்ணாடியின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி வார்க்கிற அந்த டைல்ஸ் வேலை ‘இன்ட்ரஸ்டிங்’.

தப்பு வருவதற்குக் காரணம் நம் இலக்கணம். தமிழில் ஆர்வத்தை நான்காம் வேற்றுமையில் சொல்கிறோம்: ‘எனக்கு ஆர்வம் இருக்கு.’ எழுவாய் ஆர்வம்தான், நான் அல்ல. ஆங்கிலத்தில் ‘ஐ’யைக் கொண்டுபோய் எழுவாயாக நிறுத்த வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில்தான் கால் இடறுகிறது. ‘போரிங்’, ‘போர்டு’ இரண்டுக்கும் இதே கதைதான். ‘ஐ ஆம் போரிங்’ என்று நேர்முகத் தேர்வில் சொல்லி வைக்காதீர்கள்.

‘இன்ட்ரஸ்ட்’டுக்குப் பிறகு ‘இன்’ வருமா, ‘ஆன்’ வருமா, ‘ஃபார்’ வருமா?

இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஆர்வத்துக்கு ‘இன்’. தமிழிலும் ‘இசையில் ஆர்வம்’, ‘படிப்பில் ஆர்வம்’ என்று ஏழாம் வேற்றுமையில்தான் சொல்கிறோம். நம் ‘-இல்’லுக்கு நேராக அவர்களுடைய ‘இன்’ நிற்கிறது. அதனால் இதில் பெரும்பாலும் யாரும் தவறுவதில்லை, ‘இன்ட்ரஸ்ட் அபவுட்’ என்று யாராவது கெடுத்து வைத்தால் ஒழிய.

வட்டிக்கு ‘ஆன்’. சிக்கல் இங்கேதான். தமிழில் ‘கடனுக்கு வட்டி’, ‘டெபாசிட்டுக்கு வட்டி’. ‘-உக்கு’ என்றதும் நம் கை ‘ஃபார்’ எழுதப் போய்விடும். ‘இன்ட்ரஸ்ட் ஃபார் தி லோன்’ என்றாலும் வங்கிக்காரருக்குப் புரியும், ஆனால் அவர் அப்படிச் சொல்ல மாட்டார். ‘இன்ட்ரஸ்ட் ஆன் தி லோன்’, ‘இன்ட்ரஸ்ட் ஆன் மை டெபாசிட்’, ‘இன்ட்ரஸ்ட் ஆன் தி ஜுவல் லோன்’. வீதத்தைச் சொல்லும்போது ‘அட்’: ‘தி பேங்க் லென்ட் மீ த மணி அட் நைன் பெர்சென்ட் இன்ட்ரஸ்ட்.’

சொத்தில் பங்கு என்றால் மறுபடி ‘இன்’: ‘ஷி ஹேஸ் அன் இன்ட்ரஸ்ட் இன் தி ஹவுஸ்.’ ஆர்வமும் பங்கும் ஒரே ‘இன்’னைப் பிடித்துக்கொண்டு நிற்பதால் வருகிற குழப்பத்தைப் பத்திரக் கேள்வியில் பார்ப்போம்.

‘ரெண்டு வட்டி’யை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

அப்படியே ‘டூ ருபீஸ் இன்ட்ரஸ்ட்’ என்றால், எவ்வளவு வாங்கினாலும் மொத்தமே இரண்டு ரூபாய்தான் வட்டி என்று வெளியூர்க்காரர் மகிழ்ந்துபோவார். நம் ஊர் வழக்கில் ‘ரெண்டு வட்டி’ என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். ஆங்கிலத்தில் ‘டூ பெர்சென்ட் எ மன்த்’. வங்கிக்காரரிடம் பேசினால் ஆண்டுக் கணக்காக்கி ‘ட்வென்டி ஃபோர் பெர்சென்ட் பெர் ஆனம்’ என்று சொல்ல வேண்டும். ‘ஒரு வட்டி’ 12 சதவீதம், ‘அம்பது பைசா வட்டி’ 6 சதவீதம். மாதக் கணக்கா ஆண்டுக் கணக்கா என்று சொல்லாமல் விட்ட வட்டி வீதம் எந்த மொழியிலும் பாதிச் செய்திதான்.

கந்துவட்டி, மீட்டர் வட்டிக்கெல்லாம் ‘எக்ஸார்பிடன்ட் இன்ட்ரஸ்ட்’ என்ற தொடர் பொருந்தும். அளவுக்கு மீறிய வட்டி என்று பொருள். தமிழ்நாடு 2003-இல் கொண்டுவந்த கந்துவட்டித் தடைச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே அந்தத் தொடர் இருக்கிறது. ‘யூஷரி’யும் இன்று இந்தப் பொருளில்தான் வாழ்கிறது, வெறும் வட்டியை அந்தப் பெயரால் சொல்லாதீர்கள், கொடுத்தவர் கோபித்துக்கொள்வார்.

தனி வட்டி, கூட்டு வட்டி?

‘சிம்பிள் இன்ட்ரஸ்ட்’, ‘காம்பவுண்ட் இன்ட்ரஸ்ட்’. அசலுக்கு ‘பிரின்சிபல்’. பள்ளி முதல்வருக்கும் அசலுக்கும் ஒரே எழுத்துக்கூட்டு. கொள்கை என்ற பொருளில் வருகிற ‘பிரின்சிபிள்’ வேறு. ஒரு லட்சம் ரூபாய்க்கு ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால் மூன்று ஆண்டில் தனி வட்டி 36,000 ரூபாய். ஆண்டுக்கு ஒருமுறை வட்டியை அசலில் சேர்க்கிற கூட்டு வட்டி ஏறத்தாழ 40,493 ரூபாய். நம் வீடுகளில் ‘வட்டிக்கு வட்டி’ என்பார்களே, அதற்கும் ஆங்கிலத்தில் ‘இன்ட்ரஸ்ட் ஆன் இன்ட்ரஸ்ட்’ என்று அப்படியே உண்டு.

ஊர் சுற்றிக் காட்டுகிறேன். நடப்பு வட்டி, தவணை வட்டியை எல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு எப்படி விளக்குவது?

பெயரை மாற்றாதீர்கள். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) வங்கித் தொழிலைப் பற்றிய ஆங்கில எழுத்துகளிலேயே ‘நடப்பு’, ‘தவணை’ இரண்டும் தமிழ்ச் சொல்லாகத்தான் வருகின்றன. சொல்லைச் சொல்லிவிட்டு விளக்கம் கொடுங்கள். தவணை என்பது குறித்த மாதக் கெடுவுக்குப் போட்ட பணம்: ‘மணி டெபாசிட்டட் ஃபார் எ ஃபிக்ஸட் டெர்ம்’. நடப்பு வீதம் என்பது ஒருவருக்கொருவர் கொடுக்கல் வாங்கலில் அடிப்படையாக வைத்துக்கொண்ட வீதம். பர்மாவின் ரங்கூனில் மொகல் தெருக் கோயிலில் கூடிப் பேசி அதை முடிவு செய்தார்கள். ‘தி செட்டியார்ஸ் மெட் அட் தேர் டெம்பிள் இன் ரங்கூன் அண்ட் அக்ரீட் ஆன் எ காமன் ரேட் ஆஃப் இன்ட்ரஸ்ட்’ என்று சொன்னால் போதும். கோயிலில் வட்டி பேசினார்கள் என்றதும் கேட்பவர் கண் அகலும். அங்கே அவசரப்படாமல் ஒரு நிமிடம் நிறுத்துங்கள், அடுத்த கேள்வி அவரிடமிருந்தே வரும்.

1937 பிப்ரவரி 10-ஆம் தேதி இந்தியன் ஓவர்சீஸ் பேங்க் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில் கிளை திறந்தார்கள். கானாடுகாத்தான் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய வங்கி. வட்டியைப் பற்றிப் பேச வந்த இடத்தில் இதைச் சொல்லாமல் எந்த வழிகாட்டியும் விடக் கூடாது என்பது என் கட்சி.

கடைசியில் ஓர் ‘எஸ்’ சேர்த்தால் பொருள் மாறுமா?

மாறும், சில இடத்தில் தலைகீழாக. இந்த இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்.

‘தே லாஸ்ட் இன்ட்ரஸ்ட் இன் பர்மா.’
‘தே லாஸ்ட் தேர் இன்ட்ரஸ்ட்ஸ் இன் பர்மா.’

முதலாவது, அவர்களுக்குப் பர்மாவின் மேல் இருந்த ஆசை விட்டுப்போயிற்று. இரண்டாவது, பர்மாவில் இருந்த சொத்து, தொழில், பாத்தியம் எல்லாம் கைவிட்டுப்போயிற்று. ‘கொண்டுவிற்க’, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன நம் பாட்டன்மார் கதைக்கு இரண்டாவதுதான் பொருந்தும். 1930-களின் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் திரும்பாமல், அதற்கு ஈடாக இருந்த வயல்கள் கைமாறி, கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்பங்கு நிலம் நகரத்தார் கைக்கு வந்தது. அவர்கள் கேட்டு வாங்கிய நிலம் அல்ல. அவர்களுக்கு வேண்டியிருந்தது ரொக்கம். 1942-இல் ஜப்பானியப் படை வந்தது. விடுதலைக்குப் பிறகு 1948-இல் பர்மா அரசு நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் கொண்டுவந்தது. ஆசை விட்டதாலா திரும்பி வந்தார்கள்? ‘எஸ்’ஸை விழுங்கிவிட்டால் கதையே மாறிவிடுகிறது. இறுதி ‘ஸ்’ஸை நாம் பேச்சில் எளிதாக விழுங்குகிறவர்கள் என்பதால் இதைக் கொஞ்சம் வற்புறுத்திச் சொல்கிறேன்.

பயோடேட்டாவில் ‘இன்ட்ரஸ்ட்ஸ்’ என்று தலைப்பிட்டால் பொழுதுபோக்கு, ஈடுபாடு. வட்டிப் பொருளில் மட்டும் ‘எஸ்’ சேராது. எத்தனை கடன் இருந்தாலும், எத்தனை மாதம் கட்டினாலும் ‘இன்ட்ரஸ்ட்’ ஒருமைதான். ‘ஹவ் மச் இன்ட்ரஸ்ட்?’ என்று கேட்க வேண்டும், ‘ஹவ் மெனி இன்ட்ரஸ்ட்ஸ்?’ என்று அல்ல.

பத்திரத்தில் ‘ரைட், டைட்டில் அண்ட் இன்ட்ரஸ்ட்’ என்று இருக்கிறது. வீட்டின் மேல் யாருக்கு ஆர்வம்?

பாகப்பிரிவினைக்காரர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி. இங்கே ஆர்வமும் இல்லை, வட்டியும் இல்லை. ஒருவருக்கு அந்தச் சொத்தில் சட்டப்படி இருக்கிற பாத்தியம் என்று பொருள். தமிழ்ப் பத்திரத்தில் ‘சகல பாத்தியங்களும்’ என்று எழுதுகிற இடத்தில் ஆங்கிலப் பத்திரம் மூன்று சொல்லை அடுக்குகிறது. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை விட்டால் நாளைக்கு வழக்கு வந்துவிடுமோ என்று வக்கீல்களுக்குப் பயம், அடுக்கினால்தான் நிம்மதி.

நம் பக்கத்து வீடுகளுக்கு இந்தச் சொல் அளவெடுத்துத் தைத்த சட்டை. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று தெருவுக்குத் தெரு நீள்கிற ஒரு வீட்டில் எத்தனையோ புள்ளிகளுக்கு, அதாவது குடும்பங்களுக்கு, பங்கு இருக்கும். ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில், ஒருவர் ஊரில். யாருக்கும் ‘இந்த அறை என்னுடையது’ என்று கோடு கிழித்த பங்கு இல்லை. அந்தப் பிரிபடாத பங்குக்குத்தான் ‘அன்டிவைடட் இன்ட்ரஸ்ட்’. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவுத் தலைப்பிலும் கூட்டுக் குடும்பச் சொத்தில் ஒருவருக்குள்ள பாத்தியத்தை ‘இன்ட்ரஸ்ட்’ என்றே சொல்லியிருக்கிறார்கள். மகளுக்கும் மகனைப் போலவே அதில் பிறப்புரிமை உண்டு என்று தமிழ்நாடு 1989-இலேயே திருத்தம் கொண்டுவந்தது. நாடு முழுவதுக்கும் 2005-இல் வந்தது. ஆகவே ஆச்சி, ‘ஐ ஹேவ் அன் இன்ட்ரஸ்ட் இன் மை ஃபாதர்ஸ் ஹவுஸ்’ என்பது அப்பச்சி வீட்டின் மேல் உங்களுக்கு இருக்கிற பாசத்தைச் சொல்கிற வாக்கியம் அல்ல. பங்கைச் சொல்கிற வாக்கியம்.

சுற்றுலா வழிகாட்டிகளுக்கு ஒரு எச்சரிக்கை. ‘மெனி பீப்பிள் ஹேவ் அன் இன்ட்ரஸ்ட் இன் திஸ் ஹவுஸ்’ என்று நீங்கள் பங்காளிகளை நினைத்துச் சொல்வீர்கள். வாங்குவதற்குப் பலர் போட்டி போடுகிறார்கள் என்று வந்தவர் எடுத்துக்கொள்ளக் கூடும். பேச்சில் ‘மெனி ரிலேட்டிவ்ஸ் ஓன் ஷேர்ஸ் இன் இட்’ என்று சொல்லிவிடுங்கள். ‘இன்ட்ரஸ்ட்’டைப் பத்திரத்துக்கு விட்டுவிடலாம்.

‘இட் இஸ் இன் யுவர் இன்ட்ரஸ்ட்’ என்று மேனேஜர் சொன்னார். எனக்கு ஆர்வம் இருக்கிறது என்கிறாரா?

இல்லை. ‘இது உங்களுக்குத்தான் நல்லது’ என்கிறார். கொஞ்சம் மிரட்டலும் கலந்திருக்கலாம், குரலைக் கவனியுங்கள். ‘இன் தி இன்ட்ரஸ்ட் ஆஃப் தி சைல்ட்’ என்றால் குழந்தையின் நலனுக்காக. ‘பப்ளிக் இன்ட்ரஸ்ட் லிட்டிகேஷன்’ பொதுநல வழக்கு. இதைத் தமிழாக்கியவர் ‘பொது ஆர்வ வழக்கு’ என்று எழுதாமல் நம்மைக் காப்பாற்றினார்.

‘டிஸ்இன்ட்ரஸ்டெட்’டும் ‘அன்இன்ட்ரஸ்டெட்’டும் ஒன்றா?

ஒன்றல்ல. ‘அன்இன்ட்ரஸ்டெட்’ என்றால் ஆர்வம் இல்லாதவர். ‘டிஸ்இன்ட்ரஸ்டெட்’ என்றால் தன் ஆதாயம் எதுவும் கலக்காதவர், நடுநிலையானவர். பங்காளித் தகராறைத் தீர்த்து வைக்க உட்காருகிறவர் டிஸ்இன்ட்ரஸ்டெட் ஆக இருக்க வேண்டும். அவர் அன்இன்ட்ரஸ்டெட் ஆகவும் இருந்தால், இரண்டு பக்கமும் பேசி முடிப்பதற்குள் தூணில் சாய்ந்து தூங்கிவிடுவார்.

ஆங்கிலேயர்களே இதைக் குழப்புகிறார்கள். 17-ஆம் நூற்றாண்டில் ‘டிஸ்இன்ட்ரஸ்டெட்’ ஆர்வமின்மைக்கும் வழங்கியது. இன்றும் பத்திரிகைகளில் அப்படி வருகிறது. நீங்கள் மேலே சொன்ன வேறுபாட்டையே பிடித்துக்கொள்ளுங்கள்; தேர்வில் அதைத்தான் கேட்கிறார்கள்.

‘கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட்’ என்றால் சண்டையா?

சண்டை இல்லை. ஒரே ஆளுக்குள் இரண்டு பக்க ஆதாயம் மோதுவது. பழைய வீட்டைப் பிரிக்கிறார்கள். பர்மா தேக்குத் தூணுக்கு என்ன விலை போகும் என்று மதிப்புச் சொல்ல ஒருவரை அழைக்கிறார்கள். அவருடைய மச்சினர்தான் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் வாங்கி விற்கிற கடைக்காரர் என்று வையுங்கள். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம், சரியான விலையே சொல்லலாம். இருந்தாலும் அது ‘கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட்’தான். தப்பு நடந்ததா என்பது கேள்வியே அல்ல, நடக்க வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

‘வெஸ்டட் இன்ட்ரஸ்ட்’ என்பதும் இதன் உறவு. ஒரு விஷயம் இப்படித்தான் முடிய வேண்டும் என்பதில் சொந்த ஆதாயம் வைத்திருப்பது. பன்மையில் ‘வெஸ்டட் இன்ட்ரஸ்ட்ஸ்’ என்றால் பெரும்பாலும் திட்டுவதற்குத்தான். தமிழ்ச் செய்தித்தாளில் ‘சுயநல சக்திகள்’ என்று வருகிற இடம்.

விருந்தாளி சாப்பிட்டுவிட்டு ‘இன்ட்ரஸ்டிங்’ என்றார். பாராட்டா?

ஜாக்கிரதை. முகம் மலர்ந்து, ‘வாட் இஸ் இன் இட்?’ என்று அடுத்த கேள்வி கேட்டால் பாராட்டு. ‘இன்ட்ரஸ்டிங்’ என்று இழுத்துச் சொல்லி தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தால், பிடிக்கவில்லை என்பதை மரியாதையாகச் சொல்கிறார், முக்கியமாக ஆங்கிலேயராக இருந்தால். கருப்பு நிறக் கவுனி அரிசியை முதன்முதலில் பார்க்கிறவர் இரண்டில் எதைச் சொன்னார் என்று முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்கள் பாராட்டும்போது இந்தச் சொல்லை நம்பாதீர்கள். ‘டெலிஷியஸ்’, ‘லவ்லி’ என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

இதை வினைச்சொல்லாகவும் பயன்படுத்தலாமா?

தாராளமாக. ‘ஹிஸ்டரி இன்ட்ரஸ்ட்ஸ் மீ.’ ஹோட்டலில் வேலை பார்ப்பவர்கள் ஒரு வாக்கியத்தை மனசில் வைத்துக்கொள்ளலாம்: ‘கேன் ஐ இன்ட்ரஸ்ட் யூ இன் சம் பணியாரம்?’ வற்புறுத்தாமல் உபசரிக்கிற தொனி அது. ஆத்தாமார்கள் இலையில் வைத்துவிட்டுப் பிறகு கேட்பார்கள். ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு வைக்க வேண்டும்.

உச்சரிப்பு ‘இன்டரெஸ்ட்’டா, ‘இன்ட்ரஸ்ட்’டா?

எழுத்தில் நடுவே ஓர் ‘இ’ இருந்தாலும் பேச்சில் அது பெரும்பாலும் மறைந்து இரண்டே அசை: இன்-ட்ரஸ்ட். அழுத்தம் எப்போதும் முதல் ‘இன்’னில். மூன்றசையாகச் சொல்கிறவர்களும் உண்டு, தவறில்லை. நம்மவர்கள் திருத்த வேண்டியது கடைசியில்: ‘இன்ட்ரஸ்டு’ என்று குற்றியலுகரம் வைக்கிறோம். அதனால் ‘இன்ட்ரஸ்ட்’டும் ‘இன்ட்ரஸ்டெட்’டும் கேட்பவருக்கு ஒன்றுபோல் ஒலிக்கின்றன. ‘ட்’டோடு நாக்கை நிறுத்தப் பழகுங்கள்.

‘வட்டியும் முதலுமா’ என்பதற்கு ஆங்கிலத்தில் ஏதாவது உண்டா?

உண்டு. ‘வித் இன்ட்ரஸ்ட்.’ அடித்தவனுக்கு வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்தான் என்றால் ‘ஹி பெய்ட் ஹிம் பேக் வித் இன்ட்ரஸ்ட்.’ இதே தொடர் கடனைத் திருப்பியதற்கும் வரும், ‘ஐ ரெட் யுவர் லெட்டர் வித் இன்ட்ரஸ்ட்’ என்று ஆர்வத்தோடு படித்ததற்கும் வரும். வினைச்சொல் ‘பே’யா, ‘ரீட்’டா என்று பாருங்கள். ஆர்வமாகப் படி என்று பிள்ளையிடம் சொல்ல ‘டேக் அன் இன்ட்ரஸ்ட் இன் யுவர் ஸ்டடீஸ்’ இன்னும் இயல்பு.

திருமணத் தளத்தில் ‘எக்ஸ்பிரஸ் இன்ட்ரஸ்ட்’ பொத்தானை அழுத்தினால் சம்மதம் என்று ஆகிவிடுமா?

ஆகாது. ‘உங்கள் ஜாதகத்தைப் பார்க்க விருப்பம்’ என்ற அளவுதான். டெண்டர் விளம்பரங்களில் ‘எக்ஸ்பிரஷன் ஆஃப் இன்ட்ரஸ்ட்’ என்று வருவதும் இதேதான்: கட்டுப்பாடு இல்லாத விருப்பத் தெரிவிப்பு. பயப்படாமல் அழுத்தலாம்.

பழகிக்கொள்ள என்ன செய்வது?

கீழே உள்ள வாக்கியங்களில் எது எந்தப் பொருள் என்று சொல்லிப் பாருங்கள். முதலில் பதிலைப் பார்க்காதீர்கள்.

‘ஹி ஸோல்ட் ஹிஸ் இன்ட்ரஸ்ட் இன் தி ரைஸ் மில்.’ ‘தி இன்ட்ரஸ்ட் ஆன் தி ரைஸ் மில் லோன் இஸ் டியூ.’ ‘ஹி லாஸ்ட் இன்ட்ரஸ்ட் இன் தி ரைஸ் மில்.’ ‘ஸெல்லிங் தி ரைஸ் மில் இஸ் இன் ஹிஸ் இன்ட்ரஸ்ட்.’

முதலாவது பங்கு; அரிசி ஆலையில் தன் பாகத்தை விற்றுவிட்டார். இரண்டாவது வட்டி, கட்ட வேண்டிய நாள் வந்துவிட்டது. மூன்றாவது ஆர்வம், ஆலையின் பக்கமே அவர் எட்டிப் பார்ப்பதில்லை. நான்காவது நலன், விற்றுவிடுவதுதான் அவருக்கு நல்லது. ‘ஸோல்ட்’, ‘ஆன்’, ‘லாஸ்ட்’, ‘இஸ் இன் ஹிஸ்’ என்ற துணைச்சொற்களைப் பார்த்தே சொல்லியிருந்தால் பாடம் முடிந்தது. பொருளை ஊகித்துச் சொல்லியிருந்தால், அரிசி ஆலையை எடுத்துவிட்டு உங்கள் வீட்டுச் சொத்து ஒன்றை வைத்து இதே நான்கு வாக்கியங்களை எழுதிக் கொண்டுவாருங்கள்.